பார்வையற்றோருக்கான வீட்டு, வாகனப் பழுதுபார்ப்பு: முறைகளும் கருவிகளும்

பார்வையற்ற ஒருவர் தம் வீட்டிலும் வாகனத்திலும் ஏற்படும் சிறு பழுதுகளைத் தாமே கண்டறிந்து சரிசெய்வதற்கான முறைகளையும் கருவிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது, இஸ்திரிப் பெட்டியின் பிளக்கை மாற்றுவது, கதவுக் கீலை இறுக்குவது, சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது, காரின் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது போன்ற வேலைகள் இதில் அடங்கும். முழுவதும் பார்வையற்றோரை மனத்தில் கொண்டே எழுதப்பட்டுள்ளது. குறைபார்வை உடையோருக்கு இவற்றோடு நல்ல வெளிச்சமும், பளிச்சென்ற நிற ஒட்டுநாடாவும் கூடுதல் துணையாகும்.

பழுதுபார்ப்பு என்றாலே கண்ணால் செய்யும் வேலை என்று பலரும் நினைக்கிறோம். வேலை நடக்கும் இடத்தில் நின்று கவனித்தால் அப்படித் தோன்றாது. கைகழுவும் தொட்டிக்கு அடியில் கையை விட்டு நட்டைத் தேடும் குழாய்க்காரர் அதைப் பார்ப்பதில்லை. எஞ்சினுக்குப் பின்னால் விரலை நுழைத்து போல்ட்டை ஏற்றும் மெக்கானிக் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். எஞ்சினில் எந்தப் பகுதி சத்தம் போடுகிறது என்று அறிய, நீளமான திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் வைத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பது பட்டறைகளில் வழக்கம். இறுக்கம், தளர்வு, ஆட்டம், சூடு, அதிர்வு, வாடை ஆகிய எல்லாமே விரலும் காதும் மூக்கும் சொல்லும் செய்திகள். கண் செய்யும் பங்கு மூன்று இடங்களில்தான் பெரிது: அளவு வாசிப்பது, நிறம் பார்ப்பது, கீழே விழுந்ததைத் தேடுவது. இந்த மூன்றுக்கும் மாற்று வழி கிடைத்துவிட்டால் மீதி வேலை பழக்கம்தான்.

இதைக் கற்பது பொழுதுபோக்கு அன்று. கணவன், மனைவி இருவருமே பார்வையற்றவர்களாக உள்ள குடும்பங்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. சில ரூபாய் வாஷருக்காக ஆள் அழைத்து, வருகைக் கூலி கொடுத்து, என்ன மாற்றப்பட்டது என்று சரிபார்க்கவும் முடியாமல் நிற்கும் நிலை அவர்களுக்கு அடிக்கடி வருகிறது. பணம் கொடுத்தாலும் ஆள் கிடைக்காத காலமும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபின், புதுக்கோட்டை மாவட்டத்தின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. எலெக்ட்ரீஷியன் ஒருவரைப் பிடிப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. பக்கத்து வீட்டாரின் தயவை எதிர்பார்த்திருப்பவர் அத்தகைய நாட்களில் வரிசையில் கடைசி ஆளாகிவிடுகிறார்.

வரலாற்றில் சில முன்னோடிகள்

பிரெயில் எழுத்தைத் தந்த லூயி பிரெயில் 1809இல் பிரான்சின் கூவ்ரே என்ற ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை குதிரைச் சேணம் செய்பவர். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் தோலைத் துளைக்கும் குத்தூசியோடு விளையாடியபோது கண்ணில் காயம் பட்டுப் பின்னர் இரு கண்களும் பார்வை இழந்தன. காகிதத்தில் பிரெயில் புள்ளிகளைக் குத்தப் பயன்படும் எழுத்தாணியும் ஏறக்குறைய ஒரு குத்தூசிதான்.

முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக ஆர்தர் பியர்சன் 1915இல் இலண்டனில் தொடங்கிய செயின்ட் டன்ஸ்டன்ஸ் நிறுவனத்தில், கூடை பின்னுதல், செருப்புத் தைத்தல் ஆகியவற்றோடு தச்சு வேலையும் கற்பிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த இந்திய வீரர்களுக்காக 1943இல் டேராடூனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதி ஏற்பட்டது. அதை நடத்திய கிளூத்தா மெக்கன்சி, 1915இல் கலிப்போலிப் போரில் தாமே பார்வை இழந்த நியூசிலாந்துக்காரர். அங்கிருந்து வளர்ந்ததே இன்று டேராடூனில் உள்ள தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் மேம்பாட்டு நிறுவனம். அதன் மண்டல மையம் சென்னையை அடுத்த பூந்தமல்லியில் இயங்குகிறது. பிரெயில் கருவிகளைச் செய்யும் பட்டறையும் டேராடூனில் 1950களில் தொடங்கப்பட்டது.

வாகன உலகில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ரால்ஃப் டீட்டர். 1890இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். ஐந்து வயதில் பார்வை இழந்தார். 1912இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். முதல் உலகப் போர்க் காலத்தில் கப்பல்களின் நீராவிச் சுழலிகளைச் சமநிலைப்படுத்தும் நுட்பமான வேலையைச் செய்தார். சுழலும் பாகத்தின் அதிர்வை விரலால் உணர்வதில் அவருக்கு இருந்த தேர்ச்சி அதற்கு உதவியது. 1936இல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் தலைவரானார். இன்று கார்களில் ஒரே வேகத்தில் செல்ல உதவும் ‘குரூஸ் கண்ட்ரோல்’ அவர் கண்டுபிடிப்பு. 1950இல் காப்புரிமை பெற்றார். 1958 மாடல் கிரைஸ்லர் கார்களில் அது முதலில் வந்தது. தம் வழக்கறிஞர் பேசிக்கொண்டே காரோட்டும்போது வேகம் ஏறி இறங்கியது பொறுக்காமல் இந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்லப்படுவதுண்டு.

நம் ஊரில் பார்வையற்றோரின் பழுதுபார்ப்பு வேலை என்றால் நினைவுக்கு வருவது நாற்காலி பின்னுதல். அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் பிரம்பு நாற்காலிகளின் அறுந்த பின்னலைப் பிரித்துப் புதிதாகப் பின்னும் பணி நெடுங்காலம் அவர்களுக்கு உரியதாக இருந்தது. பின்னர் நைலான் வயர் வந்தது. இப்போது வார்ப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து அந்த வேலையே அருகிவிட்டது. ஆறு திசைகளில் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் பிரம்பு இழையை ஒரே இழுவிசையில் வைத்திருந்த விரல்களுக்கு ஒரு குழாய் வாஷர் பெரிய காரியம் அன்று. அந்தத் திறமையை நாற்காலியோடு நிறுத்திக்கொண்டது சமூகத்தின் குறுகிய பார்வை என்றே கருதுகிறேன்.

வேலை செய்யும் ஒழுங்கு

பார்வையுள்ளவர் வேலை நடுவே யோசிக்கலாம். பார்வையற்றவர் தொடங்குமுன் யோசிக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இவ்வளவுதான்.

முதலில் இடம். விளிம்பு உள்ள எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, கழற்றும் பாகங்களைக் கழற்றிய வரிசையில் இடமிருந்து வலமாக வைக்க வேண்டும். மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்தால் வரிசை தானே சரியாக அமையும். தரையில் ஒரு பழைய போர்வையை விரித்துக்கொண்டால் விழுந்த திருகாணி உருண்டோடாது. காந்தத் துண்டு ஒன்றை நூலில் கட்டி வைத்திருந்தால் இரும்புப் பொருள்களைத் தேட உதவும். பித்தளைத் திருகாணியை அது பிடிக்காது என்பதை நினைவில் கொள்க. கைகழுவும் தொட்டியில் வேலை செய்வதற்கு முன் வடிகால் துளையை ஈரத்துணியால் அடைத்துவிட வேண்டும்.

அடுத்து அடையாளம். ஸ்பானர்களில் 10–11, 12–13, 14–15 என்று அளவுகள் பொறிக்கப்பட்டிருந்தாலும் எண்ணெய் அழுக்கில் அவை விரலுக்குப் பிடிபடுவதில்லை. கைப்பிடியில் அரத்தால் வெட்டுக்குறி போட்டுக்கொள்வது எளிது: சிறிய ஸ்பானருக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு. துணிப்பையில் தனித்தனி அறைகள் தைத்து ஏறுவரிசையில் செருகி வைத்தால் அந்தக் குறிகளும் தேவைப்படாது. துணி துவைக்கும் இயந்திரத்தின் திருகு, மின்விசிறி ரெகுலேட்டர், சுவிட்ச் பலகை ஆகியவற்றில் எம்-சீல் பசையைக் கடுகளவு உருட்டி ஒட்டினால் காய்ந்தபின் கல் போன்ற புள்ளியாக நிற்கும். பிரெயில் தெரிந்தவர் பாரதி பிரெயிலில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

கழற்றுமுன் குறி இடுவது மூன்றாவது. இரண்டு வயர்களைப் பிரிக்கப் போகிறோம் என்றால் பிரிப்பதற்கு முன்பே ஒன்றில் ஒரு சுற்றும் மற்றதில் இரண்டு சுற்றும் நூல் கட்டிவிட வேண்டும். பிரித்த பிறகு எது எது என்று கேட்டால் அந்த வயர் பதில் சொல்லாது.

மரையின் திசையை விரலுக்குப் பழக்க வேண்டும். வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும். இடஞ்சுழியாகத் திருப்பினால் தளரும். சைக்கிளின் இடப்பக்கப் பெடல் இதற்கு மாறானது. எந்தத் திருகாணியையும் முதல் இரண்டு மூன்று சுற்று வெறும் விரலால்தான் ஏற்ற வேண்டும். மரை கோணலாகப் பிடித்தால் விரல் உடனே அறியும். ஸ்பானர் அறியாமல் மரையைத் தின்றுவிடும்.

அளவிடுதல்

வெளிநாடுகளில் பார்வையற்ற தச்சர்கள் ‘கிளிக் ரூல்’ என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். குழாய்க்குள் ஒரு தண்டு நகரும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நகரும்போதெல்லாம் ‘டிக்’ என்று ஒலிக்கும். அரை அங்குலத்துக்கு ஒரு குறி விரலில் தட்டுப்படும். நம் ஊர்க் கடைகளில் அது கிடைக்காது. அதற்கு ஒரு நல்ல மாற்று உண்டு. ஹார்டுவேர் கடையில் 6 மில்லிமீட்டர் நூல்தண்டும் அதற்கான நட்டும் வாங்கிக்கொள்ளலாம். வழக்கமான 6 மில்லிமீட்டர் மரையில் நட்டு ஒரு முழுச் சுற்றுக்குச் சரியாக 1 மில்லிமீட்டர் நகரும். நட்டின் ஆறு பக்கங்களில் ஒன்றில் அரத்தால் குறி போட்டுவிட்டால் சுற்றுகளை எண்ணலாம். அரைச் சுற்று அரை மில்லிமீட்டர். தண்டின் முனையிலிருந்து நட்டு வரை உள்ள நீளமே அளவு.

பெரும்பாலான வீட்டு வேலைகளுக்கு எண் தேவையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய குழாய்த் துண்டைப் புதிய குழாயோடு சேர்த்து வைத்து ரப்பர் வளையம் மாட்டினால் அதுவே அளவு. பென்சில் கோட்டுக்குப் பதிலாக ஆணி முனையால் கீறிய கோடு விரலில் தெரியும். துளை எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்கு டிரில் பிட்டின்மேல் அந்த நீளத்தில் இன்சுலேஷன் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால், சுவரில் இடித்து நிற்கும். துளையிடும் புள்ளியில் முதலில் ஆணியால் சிறு குழி குத்திக்கொண்டால் பிட் வழுக்காது.

ஆணி அடிக்கும்போது அதை விரலால் பிடிக்காமல் பழைய சீப்பின் பற்களுக்கிடையில் செருகிப் பிடிப்பது பாதுகாப்பு. மெதுவாகத் தட்டத் தொடங்கி, ஆணி மரத்தில் நின்றபின் வேகம் கூட்டலாம். தலை மரத்தைத் தொட்டவுடன் ஒலி மாறுவது காதுக்குத் தெளிவாகக் கேட்கும்.

குழாய் வேலை

முதற்பாடமாகக் குழாய் வேலையைச் சொல்லலாம். தவறினால் தண்ணீர்தான் கொட்டும். தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு குழாயின் தலைப்பகுதியைப் பைப் ரெஞ்சால் கழற்றினால் நுனியில் வாஷர் இருக்கும். பழைய வாஷரையே கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது அளவு சொல்லி வாங்குவதைவிட மேல்.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டறிவது சற்று நுட்பமானது. விரலே ஈரமாகிவிடுவதால் விரல் பொய் சொல்லும். உலர்ந்த செய்தித்தாள் துண்டை ஒவ்வொரு இணைப்பையும் சுற்றி ஒற்றி எடுத்து, அது நனைந்ததா என்று உதட்டருகே வைத்துப் பார்த்தால் சரியான இடம் தெரியும். மேலிருந்து கீழாகச் சோதிக்க வேண்டும். தண்ணீர் வழிந்து கீழ் இணைப்பில் சொட்டும். டெஃப்லான் டேப் சுற்றும்போது மரையின் முனை நம்மைப் பார்த்திருக்க, வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் இறுக்கும்போது டேப் பிரிந்துவிடும்.

மின்சாரம்

பார்வையற்றவருக்கு விரலே கண். தொடக்கூடாத ஒன்றை எப்படித் தொட்டறிவது? பார்வையற்றோரின் பழுதுபார்ப்பில் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். எல்லா வீட்டிலும் இருக்கும் டெஸ்டரில் எரியும் சிறு விளக்கு பார்வையற்றவருக்குப் பயன்படாது. புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்த்துச் சோதிக்கும் சில எலெக்ட்ரீஷியன்களின் வழக்கத்தை ஒருபோதும் பின்பற்றக் கூடாது. வயரைத் தொடாமலே அருகில் கொண்டுசென்றால் ‘பீப்’ என்று ஒலிக்கும் டெஸ்டர்கள் இப்போது மின்பொருள் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. வாங்க வேண்டிய முதல் கருவி அதுதான். அதைப் பயன்படுத்தும் முறை முக்கியம்: முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஒரு சாக்கெட்டில் வைத்து ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு வேலை செய்யும் இடத்தில் சோதிக்க வேண்டும், மீண்டும் பழைய சாக்கெட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது சோதனை எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். நடுவில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தால் அமைதியை நம்பிக் கை வைத்துவிடுவோம்.

எந்த எம்சிபி எந்த அறைக்கு என்று கண்டுபிடிக்க எளிய வழி, அந்த அறையின் சாக்கெட்டில் ஒரு வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டு எம்சிபிகளை ஒவ்வொன்றாக இறக்குவது. பாட்டு நின்றால் அதுதான். நெம்பு மேலே இருந்தால் இணைப்பு, கீழே இருந்தால் துண்டிப்பு என்பது பொதுவான அமைப்பு. கண்டுபிடித்தவுடன் எம்-சீல் புள்ளி ஒட்டிவிட வேண்டும். மின்கலத்தில் ஓடும் வானொலியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஒரு பொறி இருக்கிறது. மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் சில அறைகளுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்த பிறகே டெஸ்டரைக் கையில் எடுக்க வேண்டும்.

இணைப்பு துண்டிக்கப்பட்ட பொருளைச் சோதிக்க மல்ட்டிமீட்டர் உதவும். அளவைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசும் மல்ட்டிமீட்டர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் சாதாரண மல்ட்டிமீட்டரில் உள்ள ‘பஸ்ஸர்’ நிலை போதும். வயரின் இரு முனைகளிலும் கம்பியை வைத்தால், வயர் அறுபடாமல் இருந்தால் ஒலிக்கும். ஃபியூஸ் போயிற்றா, சுவிட்ச் வேலை செய்கிறதா, மூன்று வயர்களில் எது எந்த முனையிலிருந்து வருகிறது என்பனவற்றை எல்லாம் நிறம் பார்க்காமலே காதால் அறியலாம். புதிய சாதனங்களின் வயரில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய வீட்டு வயரிங்கில் சிவப்பு, கறுப்பு, பச்சை. நிறம் சொல்லும் கைபேசிச் செயலிகளை இங்கு மட்டும் நம்ப வேண்டாம். மங்கிய வெளிச்சத்தில் அவை பழுப்பைக் கறுப்பு என்று சொல்லக்கூடும்.

மூன்று முள் பிளக்கில் தடித்து நீண்டிருப்பது எர்த். அதை மேலே வைத்து, முள்கள் நம்மை விட்டு எதிர்ப்புறம் நோக்குமாறு பிடித்தால் வலப்பக்க முள் ஃபேஸ், இடப்பக்க முள் நியூட்ரல். எர்த் வயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விட வேண்டும். வயர் பிடுங்கப்பட்டால் கடைசியில் அறுவது எர்த்தாக இருக்க வேண்டும். முறுக்கிய செம்பு இழைகளில் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. மூடியைப் பூட்டிய பிறகு, சாக்கெட்டில் செருகுமுன், எந்த இரண்டு முள்களுக்கிடையிலும் நேரடித் தொடர்பு ஏற்பட்டிருக்கிறதா என்று பஸ்ஸரால் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

மின்கசிவைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி பார்வையற்றோர் வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்தினால் ‘டப்’ என்று விழ வேண்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் இரு கைகளால் ஒருசேரத் தொட்டுவிட்டால் அந்தக் கருவி காப்பாற்றாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

மீட்டர் பெட்டி, மெயின் இணைப்பு, கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் ஆகியவை யாருக்கும் உரிய வேலை அல்ல, மின்வாரியத்துக்கு உரியவை. புயல், மழைக்குப் பின் வெளியே செல்லும் பார்வையற்றோருக்கு இன்னொரு எச்சரிக்கை தேவை. பல வெள்ளைக் கைத்தடிகள் அலுமினியத்தால் ஆனவை. அறுந்து கிடக்கும் மின்கம்பியைக் கைத்தடி கண்டுபிடிக்கும்போது மின்சாரம் கையையும் கண்டுபிடித்துவிடும். இரவில் காற்றடித்திருந்தால், தெருவில் கம்பி அறுந்திருக்கிறதா என்று கேட்டறிந்த பின்பே இறங்க வேண்டும். மின்வாரியத்தின் ‘மின்னகம்’ புகார் எண் 94987 94987.

சமையல் எரிவாயு

எரிவாயுவுக்கு இயல்பில் வாடை இல்லை. கசிவை மூக்கு அறிவதற்காகவே மெர்கேப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். இந்த ஏற்பாடு பார்வையுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரேபோல் பயன்படுகிறது. ரெகுலேட்டர் சரியாகப் பொருந்தினால் ‘கிளிக்’ ஒலி கேட்கும். பிறகு மேல்நோக்கி இழுத்தால் வரக்கூடாது. வால்வுக்குள் உள்ள ரப்பர் வளையத்தைச் சிலிண்டர் கொண்டுவருபவரையே சோதித்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; அதற்கிடையில் அதை வளைத்து விரலால் தடவி வெடிப்புப் பார்க்கலாம். எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு, சன்னல்களைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். கசிவைத் தேடும் வேலை நம்முடையது அன்று.

சைக்கிளும் மற்ற வாகனங்களும்

வண்டி ஓட்டாதவருக்கு வண்டி வேலை எதற்கு என்ற கேள்வி எழலாம். வீட்டில் ஒரு வண்டி இருக்கிறது. அதன் பின்னால் அவரும் அமர்ந்து போகிறார். நடு வழியில் நின்றால் அவரும் நிற்கிறார்.

தொடங்குவதற்குச் சைக்கிளே சிறந்தது. அதன் எல்லாப் பாகங்களும் வெளியே உள்ளன. சூடோ மின்சாரமோ இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக்குச் சைக்கிளோடு தனி உறவு உண்டு. 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் கிராமப் பெண்கள் இங்கே சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அதற்கு முன்பு ‘பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்’ என்றவர்கள் இருந்தார்கள். இன்று பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி பெரும்பாலான வீடுகளின் திண்ணையில் நிற்கிறது.

நம் பக்கம் பஞ்சருக்கு முதற்காரணம் சீமைக் கருவேல முள். டயரின் ஒரு பக்கத்தை லீவரால் நெம்பி, ட்யூபை வெளியே எடுத்துக் காற்றடிக்க வேண்டும். வால்விலிருந்து தொடங்கி ட்யூபை மெதுவாக நகர்த்திக் கன்னத்துக்கும் உதட்டுக்கும் அருகே கொண்டுசென்றால் ஓட்டையிலிருந்து வரும் காற்று சில்லென்று படும். பெரிய ஓட்டை காதுக்கே கேட்கும். மிகச் சிறிய ஓட்டைக்குத் தண்ணீர் வாளி வேண்டும். குமிழியைப் பார்க்க முடியாவிட்டாலும் தண்ணீருக்குள் ட்யூபைச் சுற்றி விரலை வைத்தால் குமிழி விரலில் ஏறுவது தெரியும். கிடைத்த இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, துடைத்து, ஓட்டையின் இரு புறமும் சம தூரத்தில் ரப்பர் வளையம் மாட்டிவிட்டால் இடம் தவறாது.

பிறகு அந்த இடத்தை அரத்தாளால் வழவழப்புப் போகும்வரை தேய்க்க வேண்டும். சொல்யூஷன் தடவியபின் உடனே ஒட்டக் கூடாது. விரல் மூட்டின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டாமல், ஆனால் லேசாகப் பிசுபிசுக்கும் நிலை வரவேண்டும். இதைப் பார்வையுள்ள பலரும் அவசரத்தில் தவறவிடுகிறார்கள். ஒட்டிய துண்டின் ஓரத்தை நகத்தால் சுற்றிலும் வருடினால் எழும்பியிருக்கும் இடம் அகப்படும்.

முள் இன்னும் டயருக்குள் இருந்தால் செய்த வேலை வீண். டயரின் உட்புறத்தை வெறும் விரலால் தடவக் கூடாது. பருத்தித் துணியைச் சுருட்டி உள்ளே ஓட்டினால் முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும்.

மொபெட், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றில் முதல் விதி, வண்டி முழுதும் ஆறிய பிறகே கை வைப்பது. சைலன்சரை அறியாமல் தொட்டால் தோல் உரிந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நுனியைத் தொட்டால் கரி படிந்திருக்கிறதா, பெட்ரோலில் நனைந்திருக்கிறதா என்று விரலும் மூக்கும் சொல்லும். அதன் இடைவெளியைத் தகட்டு அளவுகோலால் பார்ப்பது அடிப்படையில் தொடுகை வேலைதான். தகடு உரசிக்கொண்டு நுழைய வேண்டும், இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது. செயின் தொய்வுக்கு வண்டியின் கையேட்டில் சொன்ன அளவில் ஒரு குச்சியை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

கார் பேட்டரியில் ஒரு வசதி இருக்கிறது. மேல்நோக்கிய தூண் முனைகளுள்ள பேட்டரிகளில் நேர்முனை எதிர்முனையைவிடத் தடிமனானது: பெரிய வகையில் 19.5 மில்லிமீட்டரும் 17.9 மில்லிமீட்டரும், பல சிறிய கார்களில் உள்ள வகையில் 14.7 மில்லிமீட்டரும் 13 மில்லிமீட்டரும். இரண்டையும் மாறிமாறித் தொட்டால் வேறுபாடு தெரியும். கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது எதிர்முனை கடைசியில். இரு சக்கர வாகன பேட்டரியில் இரண்டு முனைகளும் ஒரே அளவில் இருப்பதால் அங்கே நூல் கட்டித்தான் குறித்துக்கொள்ள வேண்டும். பேட்டரிமேல் வேலை செய்யும்போது மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும்.

சக்கரம் மாற்றும்போது வண்டி கெட்டியான சமதரையில் நிற்க வேண்டும்; கைபிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைக்க வேண்டும். ஜாக்கி வைக்கும் இடத்தில் கதவுக்கு அடியில் உள்ள தகட்டு விளிம்பில் இரண்டு வெட்டுகள் இருக்கும்; அவற்றுக்கு நடுவே ஜாக்கியின் தலை அமைய வேண்டும். இந்த வெட்டுகளை வண்டி நல்ல நிலையில் நிற்கும்போதே ஒரு முறை தடவிப் பழகிக்கொள்வது நல்லது. நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுப் பிறகு தூக்க வேண்டும். மாட்டும்போது எல்லாவற்றையும் விரலால் ஏற்றி, பின் எதிரெதிர் நட்டுகளாக இறுக்க வேண்டும். குறித்த இறுக்கம் வந்ததும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் டார்க் ரெஞ்சு பார்வையற்றோருக்கென்றே செய்தது போன்ற கருவி. ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது. பிரேக், ஸ்டீயரிங் வேலைகளைச் செய்தவர் யாராக இருந்தாலும் இன்னொருவர் சரிபார்க்காமல் வண்டியைச் சாலையில் எடுக்கக் கூடாது.

கைபேசியின் துணை

பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள எழுத்தை வாசிக்க லுக்அவுட், சீயிங் ஏஐ போன்ற செயலிகள் உள்ளன. ‘பி மை ஐஸ்’ செயலியில் காணொளி அழைப்பு வழியாகப் பார்வையுள்ள தன்னார்வலர் ஒருவர், கேமரா காட்டுவதைப் பார்த்துச் சொல்வார். 2015இல் டென்மார்க்கில் இதைத் தொடங்கிய ஹான்ஸ் யோர்கன் வீபர்க் தாமும் பார்வைக் குறைபாடு உடையவர். விழுந்த திருகாணியைத் தேடவும், மீட்டர் எண்ணை வாசிக்கவும் இது நல்ல உதவி. கசிவோ தீயோ உள்ள இடத்தில் முகம் தெரியாத தன்னார்வலரின் சொல்லை நம்பிச் செயல்படுவது முறையன்று.

பள்ளியில் தொடங்குதல்

பார்வையற்ற மாணவர்களுக்குக் கைத்தொழில் என்ற பெயரில் மெழுகுவத்தி, சாக்பீஸ், ஊதுவத்தி செய்யக் கற்றுத் தருகிறார்கள். அவற்றோடு ஒரு திருப்புளியையும் ஸ்பானரையும் ஏன் கொடுப்பதில்லை என்பது எனக்கு விளங்காத ஒன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொழிற்பயிற்சியை அவர்களின் உரிமையாகவே சொல்கிறது. சாதாரணப் பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் பார்வையற்ற மாணவர், மின்சாரப் பாடம் நடக்கும்போது பெரும்பாலும் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். மின்கலம், வயர், பல்பு வைத்துச் செய்யும் மின்சுற்றில் பல்பு எரிந்ததா என்று பக்கத்து மாணவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பல்பை எடுத்துவிட்டு, மின்னணுப் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும் சிறு பஸ்ஸர் ஒன்றை அதே இடத்தில் இணைத்தால் போதும். சுற்று முழுமையானால் ஒலிக்கும். வயரை எடுத்தால் நிற்கும். பஸ்ஸருக்கு நேர்முனை, எதிர்முனை உண்டு. சிவப்பு வயரில் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் அந்த மாணவரே மின்கலத்தோடு சரியாக இணைத்துவிடுவார்.